வார்ஹேமர் 40,000: லிஸ்ட் போடும்போது விதி குழப்பினால் தீர்த்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வார்ஹேமர் 40,000 என்பது மினியேச்சர் படைகளை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. அதை ஆட வரும் புதியவர்கள் சண்டை விதிகளில் அதிகம் திணறுவதில்லை. நாலு ஆட்டம் ஆடினால் நகர்வதும் சுடுவதும் சார்ஜ் போவதும் கைக்கு வந்துவிடும். அவர்கள் திணறுவது அதற்கு முன்பு, லிஸ்ட் போடும் இடத்தில்தான், அதாவது எந்தெந்த யூனிட்டுகளை (ஒன்றாக இயங்கும் அணிகளை) எந்த ஆயுதத்தோடு கொண்டுவருகிறோம் என்று எழுதும் இடத்தில்தான். "இந்த ஆளுக்கு இந்த ஆயுதம் கொடுக்கலாமா?", "இதே யூனிட்டை நாலாவதாகச் சேர்க்கலாமா?", "என் படையோடு ஒரு நைட்டை, அந்த ராட்சதப் போர் இயந்திரத்தை, கூட்டிப் போகலாமா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

சண்டை விதியில் தப்பு நடந்தால் ஒரு சுற்று கெடும், பேசித் திருத்திக்கொள்ளலாம். லிஸ்ட்டில் தப்பு இருந்தால் அன்று ஆடிய எல்லா ஆட்டத்தின் முடிவும் கேள்விக்குள்ளாகும். அதனால்தான் இந்தச் சந்தேகங்களை மேசைக்கு வரும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

இங்கே சொல்வது 2023இல் வந்த 10ஆம் பதிப்புக்கானது. உதாரணங்கள் பெரும்பாலும் ஸ்பேஸ் மரீன் படையிலிருந்து வரும். புதிதாக வருபவர்கள் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். வேறு படை வைத்திருப்பவர்களுக்கும் வழி இதுவே. படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளிலேயே பல கேள்விகள் காணாமல் போய்விடும், அதன் பிறகு வாதாட ஒன்றும் இருக்காது.

1. ஆவணங்களை எடுத்து வையுங்கள், தேதியைப் பாருங்கள்

இரண்டு பேர் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கடைசியில் பார்த்தால் ஒருவர் கையில் அச்சுப் புத்தகம் இருக்கும், இன்னொருவர் போன மாதம் வந்த திருத்தத்தைப் படித்திருப்பார். அங்கே விதியில் குழப்பமே இல்லை, ஆளுக்கொரு பதிப்பு, அவ்வளவுதான். எனவே விதியை வாசிக்கும் முன் இவை எல்லாம் கையில் இருக்க வேண்டும்:

- அடிப்படை விதிகள். ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இதை இலவச பி.டி.எஃப் ஆகவே தருகிறது.
- ரூல்ஸ் காமென்டரி. ஒரு சொல்லுக்கு விதிக்குள் என்ன பொருள் என்று இதில் இருக்கும். புதியவர்கள் அதிகம் திறக்காத ஆவணம் இதுதான்.
- உங்கள் படையின் கோடெக்ஸ் (அந்தப் படைக்கான விதிப் புத்தகம்), கூடவே அதற்கான எஃப்.ஏ.க்யூ (கேள்வி-பதில் தொகுப்பு) மற்றும் திருத்தப் பட்டியல்.
- முனிட்டோரம் ஃபீல்ட் மேனுவல். புள்ளிகள், அதாவது ஒவ்வொரு யூனிட்டின் விலை, இதில்தான்.
- பேலன்ஸ் டேட்டாஸ்லேட். ஆட்டச் சமநிலைக்காக விதிகளையே மாற்றும் ஆவணம்.
- போட்டிக்குப் போவதானால், அந்தப் போட்டியின் பிளேயர் பேக் (நடத்துபவர் தரும் விதித் தொகுப்பு).

ஒவ்வொன்றின் தேதியையும் லிஸ்ட்டின் மேலேயே குறித்து வையுங்கள். போட்டி என்றால் எந்தத் தேதி வரை வந்த ஆவணங்கள் செல்லும் என்று பிளேயர் பேக்கில் சொல்லியிருப்பார்கள். அந்த நாளுக்குப் பிறகு வந்த திருத்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் போட்டிக்கு உதவாது.

இவற்றுள் எது எதற்கு மேல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திருத்தப் பட்டியல் கோடெக்ஸுக்கு மேல். புள்ளி விஷயத்தில் ஃபீல்ட் மேனுவல் அச்சுப் புத்தகத்துக்கு மேல். டேட்டாஸ்லேட் எதைத் தொட்டிருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் மற்றவற்றுக்கு மேல். போட்டி நடத்துபவர் தன் போட்டிக்கென்று ஏதாவது சொல்லியிருந்தால், அந்த அரங்குக்குள் அது எல்லாவற்றுக்கும் மேல்.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பேட்டில்ஸ்கிரைப், நியூ ரெக்ரூட் போன்ற லிஸ்ட் போடும் செயலிகளுக்கான படைத் தரவுகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்கிறார்கள். அருமையான உழைப்பு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் "செயலி சிவப்புக் காட்டவில்லை" என்பது ஆதாரம் ஆகாது. செயலியில் லிஸ்ட்டைப் போடுங்கள், சந்தேகம் வந்தால் மூல ஆவணத்தைத் திறங்கள்.

லெஜெண்ட்ஸ் (பழைய மினியேச்சர்களுக்கான பிரிவு) என்று குறிக்கப்பட்ட டேட்டாஷீட்டுகளையும் (ஒரு யூனிட்டின் விதிகள் உள்ள பக்கம்) இப்போதே கவனித்துவிடுங்கள். வீட்டு ஆட்டத்தில் தாராளமாகக் கொண்டுவரலாம். போட்டிகளுக்கு அவற்றை கேம்ஸ் வொர்க்‌ஷாப்பே பரிந்துரைப்பதில்லை. பழைய பெட்டியை மலிவாக வாங்கியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"என் லிஸ்ட் சரியா?" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த யூனிட்டில் 7 பேர் இருக்கும்போது கிரெனேட் லாஞ்சர் ஒன்றா, இரண்டா?" என்பதற்குச் சொல்லலாம்.

ஆம், இல்லை, அல்லது ஓர் எண். இந்த மூன்றில் ஒன்று பதிலாக வரும்படி கேள்வியைக் குறுக்குங்கள். குறுக்க முடியவில்லை என்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பிரித்து இரண்டாக எழுதுங்கள். அப்படி எழுதும்போதே பலருக்கு விடை தட்டுப்பட்டுவிடுகிறது, எந்த வரியைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடுவதால்.

3. இது எந்தக் கட்டத்துக் கேள்வி?

10ஆம் பதிப்பில் படை திரட்டுவது கட்டம் கட்டமாக நடக்கும். முதலில் ஆட்ட அளவு: இன்கர்ஷன் 1,000 புள்ளி, ஸ்ட்ரைக் ஃபோர்ஸ் 2,000, ஆன்ஸ்லாட் 3,000. பிறகு படைப் பிரிவு, அதாவது ஸ்பேஸ் மரீன் போல எந்தப் படை என்பது. பிறகு டிடாச்மென்ட், அதாவது படை எந்தப் பாணியில் போரிடும் என்று சொல்லும் விதித் தொகுப்பு. பிறகு யூனிட்டுகளும், கேரக்டர் எனப்படும் தலைவர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் திறன்களான என்ஹான்ஸ்மென்டுகளும். கடைசியில் வார்லார்ட், அதாவது முழுப் படைக்கும் தலைவர்.

உங்கள் கேள்வி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். முந்தைய கட்டத்தில் எடுத்த முடிவு பிந்தைய கட்டத்தைக் கட்டுப்படுத்தும் என்பதால், மேலிருந்து கீழே வாருங்கள். டிடாச்மென்டை முடிவு செய்யாமல் என்ஹான்ஸ்மென்ட் பற்றிப் பேசுவதில் பயனில்லை. என்ஹான்ஸ்மென்டுகள் டிடாச்மென்டுக்கு உரியவை.

இந்தக் கட்டங்களில் சேராத கேள்விகளும் உண்டு. எந்த லீடர் (அணியோடு சேர்ந்து நடக்கக்கூடிய கேரக்டர்) எந்த யூனிட்டோடு சேர்கிறார் என்பது அப்படிப்பட்டது. லிஸ்ட்டில் கேப்டனையும் இன்டர்செசர் ஸ்குவாட் என்ற காலாள் அணியையும் அடுத்தடுத்து எழுதினால் அவர்கள் சேர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். சேர்வது ஆட்டம் தொடங்கும் நேரத்தில், அணிவகுப்பை அறிவிக்கும் படியில்தான். ஒரே லிஸ்ட்டை வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தில் கேப்டனை ஓர் அணியோடும் அடுத்த ஆட்டத்தில் வேறோர் அணியோடும் சேர்க்கலாம். ஆக, "இந்த லீடர் இதோடு சேர முடியாது, ஆகவே லிஸ்ட் செல்லாது" என்ற வாதம் பொதுவாக நிற்காது. சேர முடியாத லீடர் தனியாக நடப்பார், அவ்வளவுதான். போட்டி நடத்துபவர் இணைப்புகளை முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னால் அது வேறு. அதைப் பிளேயர் பேக்கில் பாருங்கள்.

4. அனுமதிக்கும் வரி எங்கே?

இந்த ஆட்டத்தின் லிஸ்ட் விதிகள் அனுமதியால் ஆனவை. "கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்பவர் தலைகீழாகப் போகிறார். "செய்யலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்பதுதான் கேள்வி. அந்த வரி கிடைத்த பிறகே தடைகளைத் தேட வேண்டும்.

ஸ்பேஸ் மரீன் படையோடு இம்பீரியல் நைட்ஸ் சேர்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "இரண்டுமே இம்பீரியம் (மனிதப் பேரரசின் பக்கம்) தானே" என்று சேர்க்க முடியாது. பொது விதிப்படி யூனிட்டுகள் நீங்கள் தேர்ந்த படைப் பிரிவைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். நைட்டை உள்ளே விடுவது ஃப்ரீபிளேட் விதி. அது என்ன சொல்கிறது? டைட்டானிக் கீவேர்ட் (டேட்டாஷீட்டில் அச்சிட்டிருக்கும் வகைச் சொல்) உள்ள மாடல் ஒன்று, அல்லது ஆர்மிஜர் (சிறிய நைட்) மாடல்கள் மூன்று வரை.

இந்த ஒரு வரியை நிதானமாகப் பிரித்தால் மூன்று நான்கு சண்டைகள் தீர்ந்துவிடும். "அல்லது" என்று இருப்பதால் பெரிய நைட் ஒன்றும் ஆர்மிஜர் ஒன்றும் சேர்த்து எடுக்க முடியாது. மூன்று என்பது ஆர்மிஜர் மாடல்களின் மொத்தக் கணக்கு. வார்க்ளெய்வ், ஹெல்வெரின் என்ற ஆர்மிஜர் வகைகளில் மும்மூன்று என்று ஆறு எடுக்க இடமில்லை, வார்க்ளெய்வ் இரண்டு, ஹெல்வெரின் ஒன்று என்று எடுக்கலாம். அதே விதி அவர்களை வார்லார்ட் ஆக்கவும் விடாது, என்ஹான்ஸ்மென்ட் கொடுக்கவும் விடாது.

அனுமதி எந்த அளவுக்குத் தரப்பட்டதோ அந்த அளவுக்குத்தான். உள்ளே வர அனுமதி கிடைத்தால், சொந்தப் படைக்குள் இருப்பது போல எல்லாச் சலுகையும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. பெயரா, கீவேர்டா?

புதியவர்களின் தவறான முடிவுகளில் அதிகம் இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன. சில விதிகள் டேட்டாஷீட்டின் பெயரைப் பார்க்கும். சில விதிகள் கீவேர்டைப் பார்க்கும். எந்த விதி எதைப் பார்க்கிறது என்று ஒவ்வொரு முறையும் வரியைத் திறந்து பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை வரம்பு பெயரைப் பார்க்கிறது. ஒரே டேட்டாஷீட் பெயருள்ள யூனிட் மூன்று வரை. பேட்டில்லைன் (படையின் அடிப்படைப் போர் அணி) அல்லது டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட் (அணிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே உள்ள வாகனம்) என்றால் ஆறு வரை. எபிக் ஹீரோ (கதையில் பெயருள்ள நாயகர்) என்றால் ஒன்றே ஒன்று. கேப்டன், டெர்மினேட்டர் ஆர்மர் அணிந்த கேப்டன், ஜம்ப் பேக் கேப்டன் ஆகிய மூவரும் மூன்று தனித்தனி டேட்டாஷீட்டுகள். "கேப்டன்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது" என்று சொல்பவர் பெயரைப் பார்க்க வேண்டிய இடத்தில் கீவேர்டைப் பார்க்கிறார்.

என்ஹான்ஸ்மென்ட் பெரும்பாலும் கீவேர்டைப் பார்க்கும். கிளாடியஸ் டாஸ்க் ஃபோர்ஸ் டிடாச்மென்டில் உள்ள அடெப்ட் ஆஃப் த கோடெக்ஸ் என்ற என்ஹான்ஸ்மென்ட் கேப்டனுக்கு மட்டும் உரியது. அங்கே ஜம்ப் பேக் கேப்டனும் தகுதியானவர், ஏனென்றால் கேப்டன் என்ற கீவேர்ட் அவருக்கும் இருக்கிறது. லெஃப்டினன்ட் தகுதியானவர் இல்லை. எபிக் ஹீரோ யாராக இருந்தாலும் என்ஹான்ஸ்மென்ட் எடுக்க முடியாது. ஒரு படையில் மொத்தம் மூன்று என்ஹான்ஸ்மென்ட், ஒன்றையே இரண்டு பேருக்குத் தர முடியாது, ஒருவருக்கு ஒன்றுதான்.

வாகனங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ரைனோவும் லேண்ட் ரெய்டரும் ஆட்களை ஏற்றிச் செல்பவை. ரைனோவில் டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட் கீவேர்ட் இருக்கிறது, லேண்ட் ரெய்டரில் டிரான்ஸ்போர்ட் மட்டும். அந்த ஒரு சொல்லால் ரைனோவை ஆறு வரை எடுக்கலாம். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு ரைனோவுக்குள்ளும் குறைந்தது ஒரு யூனிட் ஏறியிருக்க வேண்டும். காலியாக இருந்தால் களத்தில் இறக்க முடியாது, முதல் சுற்றில் அழிந்ததாகக் கணக்கு. லேண்ட் ரெய்டர் மூன்றுதான், காலியாகவும் வரலாம். புள்ளி மிஞ்சியது என்று கடைசியில் ஒரு ரைனோவைச் செருகுபவர்கள் அதில் ஏற ஆள் இருக்கிறதா, ஏறத் தகுதியான ஆளா என்று வாகனத்தின் ஏற்றுதிறன் வரியோடு ஒப்பிட்டுவிடுங்கள். டெர்மினேட்டர்களுக்கு ரைனோவில் இடம் கிடையாது.

டிடாச்மென்ட் விதி ஒரு யூனிட்டுக்குப் புதிய கீவேர்ட் தரும் இடங்களும் உண்டு. பேட்டில்லைன் கிடைத்தால் அந்த யூனிட்டின் வரம்பே மாறிவிடும். மூன்றாம் படியில் மேலிருந்து கீழே வரச் சொன்னதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அச்சுப் புத்தகத்தில் இல்லாத டிடாச்மென்டுகளும் இருக்கின்றன. 2024 டிசம்பரில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கிரோட்மாஸ் என்ற பெயரில் படைக்கு ஒன்றாக இலவசமாக வெளியிட்டது. "என் கோடெக்ஸில் இல்லையே" என்பது போதாது.

6. ஆயுத வரிகளை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள்

10ஆம் பதிப்பில் ஆயுத மாற்றத்துக்குப் பெரும்பாலும் தனிப் புள்ளி கிடையாது. யூனிட்டுக்கு ஒரு விலை, அதற்குள் எந்த ஆயுதம் எடுத்தாலும் அதே விலை. இது வசதிதான், ஆனால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆயுதத்துக்குப் புள்ளி இருந்தால் தப்பாக எடுத்த ஆயுதம் மொத்தக் கணக்கைத் தொட்டு எங்காவது இடறும். இப்போது கணக்குச் சரியாக 2,000 என்று வந்து நிற்கும், உள்ளே செல்லாத ஆயுதம் உட்கார்ந்திருக்கும். ஆகவே இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, ஆயுதம் மாறுகிறதா, கூடுகிறதா என்று. "ரீப்ளேஸ்டு" என்று இருந்தால் பழையது போய்ப் புதியது வருகிறது. "எக்விப்டு வித்" என்று இருந்தால் கூடுதலாக வருகிறது. இன்டர்செசரின் அஸ்டார்டெஸ் கிரெனேட் லாஞ்சர் கூடுதலாக வருவது, அந்த ஆளிடம் போல்ட் ரைஃபிளும் இருக்கும்.

அடுத்தது "ஃபார் எவ்ரி 5 மாடல்ஸ்". முழு ஐந்துக்கு ஒன்று என்று பொருள். இன்டர்செசர் ஸ்குவாடில் ஆள் 5 என்றால் லாஞ்சர் 1, ஆள் 10 என்றால் 2. ஆள் 7 என்றால்? 1தான். மேல்நோக்கி முழுமைப்படுத்த எந்த வரியும் சொல்லவில்லை. நான்காம் படி நினைவிருக்கட்டும்: இரண்டாவது லாஞ்சருக்கு அனுமதி தரும் வரி இல்லை. ஏழு பேரை எடுப்பவர் புள்ளியிலும் இழக்கிறார். ஃபீல்ட் மேனுவலில் விலை 5 பேருக்கும் 10 பேருக்கும்தான் இருக்கிறது. இடைப்பட்ட எண்ணிக்கைக்கு 10 பேருக்கான விலையை வைக்க வேண்டும்.

"எனி நம்பர் ஆஃப் மாடல்ஸ் கேன் ஈச்" என்று தொடங்கும் வரி தாராளமானது, ஒவ்வொருவரும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம், கலந்தும் எடுக்கலாம். "ஆல் ஆஃப் த மாடல்ஸ்" என்றால் எல்லோரும் மாற வேண்டும், அல்லது யாரும் மாறக் கூடாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், களத்தில் விளைவு முற்றிலும் வேறு.

ஒரே ஆயுதத்தைத் தொடும் வரிகள் இரண்டு இருந்தால், முதல் வரியில் மாற்றிக் கொடுத்துவிட்ட ஆயுதத்தை இரண்டாவது வரியில் மறுபடி மாற்ற முடியாது. கையில் இல்லாததைக் கொடுத்து இன்னொன்றை வாங்க வழியில்லை. காகிதத்தில் அந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஆயுதப் பட்டியல் எழுதி, வரி வரியாக அடித்துக்கொண்டே வாருங்கள். தலைக்குள் செய்தால் தவறும்.

நட்சத்திரக் குறியைத் தவறவிடாதீர்கள். பட்டியலின் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "ஒரே ஆயுதத்தை ஒரு முறைக்கு மேல் எடுக்க முடியாது" என்ற வகையில் ஒரு தடை. செயலித் திரையில் அந்தக் குறி தெரியாமலே போகும்.

கடைசியாக, வரி "மாடல்" என்கிறதா, வீரர் வகையின் பெயரைச் சொல்கிறதா என்று பாருங்கள். சார்ஜென்டுக்கு அந்த ஆயுதம் கிடைக்குமா என்ற கேள்வி இதில்தான் தொங்குகிறது.

இந்தப் படி முடியும் வரை கைகளை ஒட்டாதீர்கள். பல போட்டிகளில் லிஸ்ட்டில் எழுதியிருக்கும் ஆயுதம் மினியேச்சரின் கையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் சிமெண்ட் போட்டு ஒட்டிய கையைப் பிரித்தால் தோள் பிய்ந்துதான் வரும். சந்தேகமுள்ள ஆயுதத்துக்கு மட்டும் தோளிலும் கையிலும் சின்னக் காந்தம் வைத்துவிட்டால், தீர்ப்பு எப்படி வந்தாலும் மாட்டிக்கொள்ளலாம். காந்தங்களின் துருவம் எல்லாக் கைகளுக்கும் ஒரே பக்கமாக இருக்கட்டும். ஒட்டும் முன் ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

7. பொது விதியும் தனி விதியும் மோதினால்

தனி விதி வெல்லும். ஆனால் அது பேசும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

பொது விதிப்படி உங்கள் படையில் குறைந்தது ஒரு கேரக்டர் வேண்டும், அவர்களில் யாரை வேண்டுமானாலும் வார்லார்ட் ஆக்கலாம். ரோபூட் கில்லிமனை எடுத்தால் இந்தச் சுதந்திரம் போய்விடும். சுப்ரீம் கமாண்டர் திறன்படி அவர்தான் வார்லார்ட். இதில் மோதல் இல்லை, தனி விதி பொது விதியின் ஒரு கதவை மூடுகிறது. மற்ற வரம்புகள் அப்படியே இருக்கின்றன.

ஸ்பேஸ் மரீன் படைகளில் சாப்டர் (ஸ்பேஸ் மரீன்களின் உட்படை) விதியும் இப்படித்தான். அடெப்டஸ் அஸ்டார்டெஸ் என்ற பொதுப் பெயருக்குள் எல்லோரும் வந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட சாப்டர்களின் யூனிட்டுகளை ஒரே படையில் சேர்க்க முடியாது. அல்ட்ராமரீன்களின் கில்லிமனும் டார்க் ஏஞ்சல்ஸின் லயன் எல்ஜான்சனும் அலமாரியில் பக்கத்தில் நிற்கலாம், ஒரே லிஸ்ட்டில் நிற்க முடியாது. பிளாக் டெம்ப்ளர்ஸ் சாப்டரை ஆடுபவர்கள் சைக்கர்களை (மன ஆற்றலால் போரிடுபவர்களை) எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுக் கோடெக்ஸில் லைப்ரேரியன் என்ற சைக்கர் இருக்கிறாரே என்று எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தடை சாப்டரின் சொந்தப் பக்கங்களில் இருக்கிறது.

8. இன்னும் இரண்டு வாசிப்பும் நிற்கிறதா?

இதுவரை வந்தும் தீராதவை குறைவு. தீராதவற்றை இப்படிச் சோதியுங்கள்.

ஒரு வாசிப்பை ஏற்றுக்கொண்டால் விதியின் வேறொரு சொல் வேலையற்றுப் போகிறதா? போகிறது என்றால் அந்த வாசிப்பு பெரும்பாலும் தவறு. அடுத்து, அதே கோடெக்ஸில் இதையொத்த வரிகளைத் தேடுங்கள். மற்ற டேட்டாஷீட்டுகளில் வீரர் வகையின் பெயரைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், இங்கே "மாடல்" என்று பொதுவாக விட்டிருக்கிறார்கள் என்றால், எழுதியவர்களுக்கு இரண்டு விதமாகவும் எழுதத் தெரிந்திருக்கிறது. வேறுபாட்டை மதியுங்கள்.

பிறகு இடத்தை மாற்றிப் பாருங்கள். எதிரில் நிற்பவர் இதே வாசிப்போடு வந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வீர்களா? இதற்கு வரும் முதல் பதிலை நம்பலாம். தன் படைக்கு நன்மையாக வாசிப்பது நேர்மைக் குறைவால் நடப்பதில்லை, ஆசையால் நடக்கிறது. அதனால்தான் இந்தச் சோதனை தேவைப்படுகிறது.

ஆதாரம் ஆகாதவை: கதைப் பின்னணி, பெட்டியின் மேலுள்ள படம், முந்தைய பதிப்பில் இருந்த விதி. பெட்டிக்குள் என்னென்ன ஆயுதம் இருக்கிறது என்பது மட்டும் ஒரு துப்பு, ஏனென்றால் இந்தப் பதிப்பின் ஆயுதத் தேர்வுகள் பெரும்பாலும் பெட்டியில் வரும் உருப்படிகளை ஒட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. துப்பாக வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

9. குறுகிய வாசிப்பில் லிஸ்ட் போடுங்கள்

இரண்டு வாசிப்பில் குறைவாக அனுமதிப்பது எதுவோ, அதில் செல்லுபடியாகும் லிஸ்ட்டை முதல் லிஸ்ட்டாக வையுங்கள். விரிந்த வாசிப்பில் அமைந்த லிஸ்ட் இரண்டாவதாக இருக்கட்டும். குறுகிய வாசிப்பில் செல்லும் லிஸ்ட் விரிந்த வாசிப்பிலும் செல்லும், மறுபக்கம் அப்படி இல்லை. பதில் வராமல் போனாலும், கடைசி நாளில் எதிராக வந்தாலும் உங்களிடம் ஆடக்கூடிய லிஸ்ட் இருக்கும்.

ஒரு வாசிப்பை மட்டும் நம்பி நிற்கும் லிஸ்ட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்த ஒரு ஆயுதமோ ஒரு யூனிட்டோ இல்லாவிட்டால் உங்கள் திட்டமே இல்லை என்றால், திட்டத்தை மாற்றுங்கள்.

10. நடுவருக்கு எழுதுங்கள்

லிஸ்ட் அனுப்பக் கடைசி நாளுக்குச் சில நாள் முன்பே எழுதிவிடுங்கள். போட்டியன்று காலை கேட்டால் நடுவருக்கு ஆவணம் பார்க்கவே நேரம் இருக்காது. கடிதம் இந்த அளவு இருந்தால் போதும்:

"வணக்கம். என் லிஸ்ட்டில் ஒரு சந்தேகம். படை ஸ்பேஸ் மரீன், 2,000 புள்ளி. டேட்டாஷீட்டின் பெயரும் பக்கமும் கீழே கொடுத்திருக்கிறேன், படமும் இணைத்திருக்கிறேன். ஆயுதப் பகுதியின் இரண்டாவது வரி 'மாடல்' என்று சொல்கிறது. சார்ஜென்டுக்கும் அது பொருந்துமா? பொருந்தும் என்று வாசிக்கலாம், அவரும் மாடல்தான். சார்ஜென்டுக்கு முதல் வரி தனியாக இருப்பதால் பொருந்தாது என்றும் வாசிக்கலாம். எஃப்.ஏ.க்யூவிலும் ரூல்ஸ் காமென்டரியிலும் பார்த்தேன், பதில் இல்லை. பொருந்தாது என்றால் இணைத்துள்ள முதல் லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்."

இரண்டு வாசிப்பையும் நீங்களே எழுதுவது முக்கியம். உங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் நடுவர் மற்றதைத் தேடி உட்கார வேண்டும், சந்தேகமும் வரும். எங்கெல்லாம் பார்த்தீர்கள் என்று சொன்னால் அவர் அதையே மறுபடி தேட வேண்டியதில்லை.

வந்த பதிலைச் சேமித்து, லிஸ்ட்டோடு அச்செடுத்துக்கொண்டு போங்கள். அது அந்தப் போட்டிக்கு மட்டுமே செல்லும். வேர்ல்ட் டீம் சாம்பியன்ஷிப், யு.கே. டோர்னமென்ட் சர்க்யூட் போன்ற பெரிய அமைப்புகள் தங்களுக்கென்று எஃப்.ஏ.க்யூ ஆவணம் வைத்திருக்கின்றன. உங்கள் போட்டி அவற்றில் ஒன்றைப் பின்பற்றுவதாகச் சொல்லியிருந்தால் நடுவருக்கு எழுதும் முன் அதைப் பாருங்கள். பின்பற்றாவிட்டால் அவை நல்ல யோசனை, கட்டளை இல்லை.

11. நண்பரோடு ஆடுவதானால்

நடுவர் கிடையாது, ஆகவே முந்தின நாளே லிஸ்ட்டை அனுப்பி, சந்தேகமான இடத்தை நீங்களே சுட்டிக் காட்டுங்கள். "அண்ணா, இந்த ஒரு ஆயுதம் மட்டும் எனக்குச் சரியாத் தெரியல, பாத்துச் சொல்லுங்க" என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதையே ஆட்டத்தின் மூன்றாவது சுற்றில் அவர் கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பேசியும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு பகடையை உருட்டி அன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம். உருட்டுவது மினியேச்சர்களை மேசையில் அடுக்கும் முன்பு இருக்கட்டும். முடிவை இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்துக்குள் சரியான பதிலைத் தேடி எடுக்க வேண்டும். பகடை முடிவு பழக்கமாகி, குழுவுக்குள் விதியாகவே நிலைத்துவிடும், பிறகு வெளியூர்ப் போட்டியில்தான் அது தப்பு என்று தெரியவரும்.

12. அனுப்பும் முன் கடைசிச் சரிபார்ப்பு

செயலியை மூடிவிட்டு, லிஸ்ட்டைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு ஃபீல்ட் மேனுவலிலிருந்து புள்ளிகளைக் கையால் கூட்டுங்கள். என்ஹான்ஸ்மென்டின் புள்ளியும் மொத்தத்தில் சேர வேண்டும், அதை விட்டுவிடுபவர்கள் அதிகம். வார்லார்ட் யார் என்று லிஸ்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறொருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் அனுமதி வரியைக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தை மட்டும் நான்காம் படியிலிருந்து மறுபடி பாருங்கள்.

லிஸ்ட் அனுப்பிய பிறகு, போட்டிக்கு முன் புதிய ஃபீல்ட் மேனுவலோ டேட்டாஸ்லேட்டோ வெளியானால் முதல் படியில் குறித்து வைத்த தேதிகளை எடுத்துப் பாருங்கள். அந்த ஆவணம் பிளேயர் பேக் சொன்ன நாளுக்குள் வந்திருந்தால் லிஸ்ட்டை மறுபடி கூட்டி, மாற்றம் இருந்தால் நடுவருக்கு அன்றே தெரிவியுங்கள்.